லண்டனைவிட இரண்டு மடங்கு மழை... புதுச்சேரி வீட்டுப் புல்தரை அழுகுவது ஏன்?

ஆவணியில் கிரகப்பிரவேசம் என்றால், அதற்கு ஒரு வாரம் முன்பு லாரியில் செம்மண் வந்து இறங்கும். பின்னாலேயே சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிய புல்பத்தைகள் வரும். இரண்டே நாளில் வாசலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாகிவிடும். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டைவிடப் புல்லைத்தான் அதிகம் படம் எடுத்திருப்பார்கள்.

ஐப்பசியில் மழை பிடிக்கும். கார்த்திகை தீபத்தன்று அதே புல்தரையில் அகல் வைக்கப் போனால் கால் சதக்கென்று உள்ளே இறங்கும். நடுவில் மஞ்சள் திட்டு, அதைச் சுற்றிக் கறுத்த வளையம், சுவர் ஓரமாக வழுக்கும் பாசி. 'நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார்' என்று வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

புதுச்சேரியின் புதிய மனைப் பிரிவுகளில் இது ஆண்டுதோறும் நடக்கிற கதைதான். பெரும்பாலும் நர்சரிக்காரர் மேல் தப்பு இருக்காது. புல்லின் மேலும் இருக்காது. மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று யாரும் யோசிக்காமல் புல்லை விரித்ததுதான் தப்பு.

தூறல் ஊரின் தோட்டம்

வீட்டு முன்னால் புல்வெளி என்கிற யோசனையே குளிரும் ஈரமுமான ஐரோப்பாவில் பிறந்தது. லண்டன் என்றாலே குடையும் மழையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், லண்டனில் ஓர் ஆண்டில் பெய்கிற மழை சுமார் 60 சென்டிமீட்டர்தான். புதுச்சேரியில் சராசரியாக 130 சென்டிமீட்டர். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்!

வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை, பெய்கிற விதத்தில் இருக்கிறது. லண்டனில் ஆண்டு முழுக்க, நூறு நாட்களுக்கு மேல், பிசுபிசுவென்று தூறும். மண் ஒவ்வொரு தூறலையும் பொறுமையாகக் குடித்துக்கொள்ளும். புதுச்சேரியில் மொத்த மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச நாளெல்லாம் வெயில்.

எனவே, இங்கே ஒரு புல்தரை இரண்டு பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் கருகாமல் இருக்க வேண்டும். கார்த்திகை வெள்ளத்தில் மூச்சுத் திணறாமல் இருக்க வேண்டும். புல்லின் வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் இருக்கிற சின்னச் சின்ன இடுக்குகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் அந்த இடுக்குகள் நிரம்பி வேர் அழுகத் தொடங்குகிறது. மேலே இலை மஞ்சளாவது கடைசியில்தான் தெரியும்.

ஃபிரான்ஸில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. அங்கே பார்த்த பச்சைப் பசேல் புல்லின் விதையை ஆன்லைனில் வரவழைத்து இங்கே தூவிப் பார்க்கிற ஆசையும் சிலருக்கு உண்டு. ஃபெஸ்க்யூ, ரை போன்ற அந்தப் புற்கள் 15 முதல் 24 டிகிரி வெப்பத்தில் செழிப்பவை. மார்கழியில் முளைத்து ஆசை காட்டும். பங்குனி வெயிலில் வைக்கோலாகிவிடும்.

பத்து டேங்கர் லாரித் தண்ணீர்

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரத்தில் பதிவான மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை ராணுவம் வந்து மீட்க வேண்டியிருந்தது.

இந்த எண்ணை வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 லிட்டர் தண்ணீர். 1,200 சதுர அடி மனை என்பது ஏறக்குறைய 111 சதுர மீட்டர். அந்த ஒரே ஒரு மனையின் மேல் அன்றைக்கு விழுந்த தண்ணீர் சுமார் 51,000 லிட்டர். ஐயாயிரம் லிட்டர் டேங்கர் லாரி பத்தைக் கொண்டுவந்து வாசலில் திறந்துவிட்டதற்குச் சமம்.

இவ்வளவு தண்ணீரை எந்தத் தோட்டமும் குடிக்காது. ஏரியும் வாய்க்காலும் நகரத்தின் வடிகாலும் பார்க்க வேண்டிய வேலை அது. அங்கே இருக்கும் அடைப்பை வீட்டுக்காரர் மண்வெட்டியால் சரிசெய்ய முடியாது. ஆனால், ஃபெஞ்சல் தினமும் வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருவது ஐந்து, பத்து சென்டிமீட்டர் மழை. புல் அழுகுவதும், வாசல்படிவரை தண்ணீர் ஏறுவதும் பெரும்பாலும் இந்தச் சாதாரண மழையில்தான். அதை ஒரு வீட்டுத் தோட்டம் நன்றாகவே சமாளிக்கும், தோட்டம் என்று ஒன்று மிச்சம் இருந்தால்!

பல வீடுகளில் அது மிச்சம் இல்லை. புல் ஒரு மழைக்காலத்தில் அழுகிப்போனதும், 'வேண்டாம்ப்பா இந்தத் தொல்லை' என்று முழுக்க சிமென்ட் போட்டுவிடுகிறார்கள். அல்லது பேவர் பிளாக். அடுத்த மழையில் அந்த வீட்டுத் தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது. தெருவில் தேங்கி, பள்ளமான வீட்டுக்குள் நுழைகிறது. பள்ளத்து வீட்டுக்காரர் தன் வாசலை இரண்டடி உயர்த்துகிறார். இப்போது எதிர்வீடு பள்ளம். இந்தப் போட்டியில் தெருவில் கடைசியாக வீடு கட்டுபவர்தான் ஜெயிப்பார், அடுத்தவர் கட்டும் வரை.

முற்றம் செய்த வேலை

இதற்கெல்லாம் பழைய புதுச்சேரியிடம் பதில் இருந்தது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற தமிழ்ப் பகுதியின் பழைய வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு பக்க ஓட்டுச் சாய்விலிருந்தும் மழை முற்றத்தில் விழும். கொஞ்சம் அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் தூம்பு வழியாகக் கொல்லைக்குப் போகும். கொல்லையில் வாழை, சேம்பு, கல்வாழை. மூன்றும் ஈரத்தில் நின்றால் சந்தோஷப்படுகிற செடிகள். வெளிநாடுகளில் இன்று 'மழைத் தோட்டம்' என்று படம் போட்டு விளக்குகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். இங்கே அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வைசியாள் வீதி என்று அழைக்கப்படும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியில் இப்படிப்பட்ட வீடுகளின் முகப்பை இன்றும் பார்க்கலாம். அந்தத் தெருவைப் புதுப்பித்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் ஃபிரெஞ்சு வீடுகள். உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம். ஆனால், அங்கேயும் பரந்த புல்வெளி அபூர்வம். மரம், தொட்டிச்செடி, சரளைக்கல் பரப்பிய நடை, மதில் மேல் காகிதப்பூ. இந்தக் காகிதப்பூவுக்கு 'போகன்வில்லா' என்ற பெயர், 1766-ல் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஃபிரெஞ்சுக் கடற்பயணி போகன்வில்லின் நினைவாக வந்தது. அந்தப் பயணத்தில்தான் பிரேசிலில் இச்செடியைக் கண்டெடுத்தார்கள். வேர் காய்ந்தால்தான் பூக்கும். தண்ணீர் அதிகமானால் வெறும் இலையாக வளரும். அதை மதில் ஓரத்து மேட்டில் வைத்தவர்களுக்கு மண்ணும் தெரிந்திருக்கிறது, செடியும் தெரிந்திருக்கிறது. இன்று அதே காகிதப்பூவைப் புல்தரையின் நடுப் பள்ளத்தில் வைத்துவிட்டு, 'பூக்கவே இல்லை' என்று குறைப்படுகிறார்கள்.

இந்த ஊரின் சின்னமே ஒரு தண்ணீர்க் கதைதான். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை நிற ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. ஆயி என்ற தாசியின் வீட்டு விளக்குகளைப் பார்த்து, கோயில் என்று நினைத்து ஓர் அரசர் கைகூப்பினார். உண்மை தெரிந்ததும் கோபத்தில் அந்த வீட்டை இடிக்கச் சொன்னார். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நூற்றாண்டுகள் கழித்து, தாகத்தில் தவித்த புதுச்சேரிக்கு அந்தக் குளத்துப் பக்கமிருந்து தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் பெயரில் மண்டபம் எழுப்பினார்கள். வீடு இருந்த இடத்தில் குளம் வந்த கதை. இப்போது நடப்பது நேர் எதிர்.

புல்லுக்கு மேடு, மழைக்குப் பள்ளம்

சரி, புல்தரை வைக்கவே கூடாதா? தாராளமாக வைக்கலாம். சின்னதாக, மேட்டில் வைக்க வேண்டும்.

முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடிந்த பிறகு இன்னொரு முறை நிரப்பிப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்தில் வடிந்தால் கவலை இல்லை. கடற்கரையை ஒட்டிய மணல் பாங்கான இடங்களில் அப்படித்தான் வடியும். மறுநாளும் தண்ணீர் நின்றால், அது களிமண். அல்லது வீடு கட்டும்போது லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்கி, கல் போல இறுகிய மண். புது வீடுகளில் இரண்டாவது காரணம்தான் அதிகம். அந்த இறுகிய தரையின் மேலேயே நாலு அங்குலம் செம்மண்ணைக் கொட்டிப் புல் விரித்தால், தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி தண்ணீர் அங்கேயேதான் நிற்கும். அடித்தரையைக் கடப்பாரையால் ஓரடியாவது கிளறிவிட்டு, கட்டட ஜல்லி, சிமென்ட் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அப்புறம்தான் மேல்மண்.

மேல்மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. எரு மக்காததாக இருந்தால் கூடவே கோரையும் வரும். கோரைக்கிழங்கு ஒருமுறை புகுந்துவிட்டால் பேரன் காலம் வரை பிடுங்கிக்கொண்டே இருக்கலாம்.

தரை வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு போதும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

அடுத்தது மொட்டை மாடித் தண்ணீர். 800 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 7,400 லிட்டர். பல வீடுகளில் மாடி பைப்பின் வாய் நேராகப் புல்தரையில்தான் திறக்கிறது. புல் தன் தலையில் விழுகிற மழையைத் தாங்கும்; மாடியின் மழையையும் சேர்த்துத் தாங்கச் சொல்வது அநியாயம். அந்தத் தண்ணீரைப் பைப் போட்டு உறிஞ்சு குழிக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோக வேண்டும்.

மனையில் எந்த மூலை பள்ளமோ, அதை மழைக்கே விட்டுவிடலாம். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து முடிந்தவரை தள்ளி, பத்தடி கிடைத்தால் நல்லது, பத்துக்கு ஆறு அடியில் அரையடி ஆழமாகத் தட்டுப் போல ஒரு பள்ளம். செப்டிக் டேங்க் பக்கம் மட்டும் கூடாது. இதில் ஒரு தடவைக்கு 850 லிட்டர் வரை நிற்கும். நின்றுகொண்டே மண்ணில் இறங்கும். நிரம்பி வழிவது தெரு வடிகாலுக்குப் போக ஒரு வழி விட வேண்டும். பள்ளத்தில் கல்வாழை, சேம்பு, ஓரத்தில் செம்பருத்தி. அப்புறம் அது குழி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கொசு வராதா? முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டு நாளில் வற்றிவிடுகிற பள்ளத்தில் அது வளர முடியாது. மூன்றாவது நாளும் தண்ணீர் நின்றால் அடிமண்ணைக் கிளறி மணல் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். டெங்குக் கொசு உண்மையில் குடியிருப்பது பூந்தொட்டித் தட்டிலும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டிலும், மாடியில் போட்ட பழைய டயரிலும்தான்.

எந்தப் புல்?

நர்சரிகளில் விற்கும் பெயர்களை முழுசாக நம்ப வேண்டாம். ஒரே புல் மூன்று கடைகளில் மூன்று பெயரில் கிடைக்கும். இலையைப் பார்த்து வாங்குவதே நல்லது.

ஊசி போல மெல்லிய இலையோடு மெத்து மெத்தென்று இருப்பது கொரியன் புல். பார்க்க அழகு. மெதுவாக வளரும், அதனால் வெட்டுகிற வேலை குறைவு. ஆனால், நாளாக ஆக அடியில் காய்ந்த தண்டுகள் மெத்தை போலச் சேர்ந்து மேடு மேடாகப் புடைக்கும். மழையில் அந்த மெத்தை பஞ்சாக ஊறிப் பூஞ்சைக்கு வீடாகிவிடும். தாழ்வான இடத்துக்கு இது சரிப்படாது.

நம் அருகம்புல்லுக்கு வெயில் எவ்வளவு கிடைத்தாலும் போதாது. பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல்தான். விளையாட்டு மைதானங்களில் போடுகிற பெர்முடா வகையும் இதன் சொந்தம்தான். மிதித்தாலும் பிழைக்கும், காய்ந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும். நிழலில் மட்டும் மெலிந்துபோகும். மா மரத்தடியில் எந்தப் புல்லோடும் மல்லுக்கட்டுவதைவிட, சருகை அப்படியே விட்டு, இரண்டு பெஞ்ச் போட்டுவிடுவது உத்தமம்.

கோடைச் செலவையும் முன்பே கணக்குப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் புல்லுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் தேவை. 500 சதுர அடிப் புல்தரை என்றால் தினமும் 200 லிட்டருக்கு மேல். குடத்தில் சொன்னால் பதினைந்து குடம். கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்பாகிக்கொண்டு வருகிற ஊரில் அதுவும் சும்மா கிடைப்பதில்லை. உப்புத் தண்ணீர் பாய்ச்சிய புல்லின் நுனி கருகும், மண் மேல் வெள்ளை படியும். அந்த உப்பைக் கழுவி இறக்குவது வடகிழக்குப் பருவமழைதான். வடிகால் இருந்தால் மட்டும்.

மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின்

புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கினால் பாதி வேலை முடிந்தது. கூரான இரும்புக் கம்பியாலோ தோட்டத்து முள்கரண்டியாலோ அரையடிக்கு ஒன்றாக, மூன்று நாலு அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, மேலே மணலைத் தூவிப் பெருக்கிவிட வேண்டும். தண்ணீர் இறங்கவும் காற்று போகவும் வழி கிடைக்கும். யூரியாவை மழைக்கு முன்னால் போடவே கூடாது. பாதி அடித்துக்கொண்டு போய்விடும். மீதியில் புல் மெத்தென்று வளர்ந்து பூஞ்சைக்கு விருந்தாகும்.

மழை நாட்களில் ஈரப் புல்லை வெட்டக் கூடாது, முடிந்தவரை மிதிக்கவும் கூடாது. ஈரமண் ஒருமுறை மிதிபட்டு இறுகினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்காது. நடக்கிற பாதையில் இடைவெளி விட்டுக் கடப்பா கல் பதித்துவிடலாம். நடுவில் வெயில் அடித்துப் புல் காய்கிற நாளில் வெட்டலாம். அப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமாக விட வேண்டும். மொட்டையடித்த புல்லுக்கு வேர் பிடிமானமும் குறைந்துபோகும்.

பாசி வழுக்குகிறதே என்று பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். சிமென்ட் தரைக்கு அது சரி; புல்லில் விழுந்தால் பாசியோடு புல்லும் போகும். பாசி வருகிற இடம் நிழலும் தேக்கமும் உள்ள இடம். மேலே தொங்கும் கிளையைக் கழித்து வெயிலை விட்டு, துளை போட்டு மணல் தூவினால் தானே மறையும். நத்தைக்கு உப்புப் போடுவதும் இதே ரகம்தான். இரவில் நனைந்த சாக்கை விரித்துவைத்தால் விடியலில் நத்தைகள் அதன் அடியில் ஒதுங்கியிருக்கும்; கையுறை போட்டுப் பொறுக்கி அப்புறப்படுத்தலாம். வெறும் கையால் தொடக் கூடாது. சில நத்தைகளில் மனிதர்களுக்கு நோய் தரும் புழு இருக்கும்.

மரமும் புல்லோடு சேர்ந்த விஷயம்தான். 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயலில் நகரத்தின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அடிமரத்தைச் சுற்றி ஒட்ட சிமென்ட் பூசினால் வேர் பரவ வழியில்லாமல் மரம் காற்றுக்கு விழத் தயாராக நிற்கும். மூன்றடி வட்டமாவது மண்ணாக விட வேண்டும். நல்ல மரங்கள் எப்படி இடம் கேட்கும் என்பதைப் பார்க்க, 1826-ல் ஃபிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நடை போய்வரலாம். புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கப்பூவின் மரம் எவ்வளவு அகலமாக வளரும் என்று தெரிந்துகொண்டால், அதை முப்பதுக்கு நாற்பது மனையில் நடுகிற ஆசை தானாகப் போய்விடும்.

தை பிறந்ததும் தரை காயும். வேர் அழுகின திட்டுகளை உள்ளங்கை ஆழத்துக்கு வெட்டி எடுத்து, அந்தக் குழியில் மணல் கலந்த புது மண்ணை நிரப்பி, செழிப்பான ஓரத்திலிருந்து அருகம்புல் வேரை நாலு விரல்கடைக்கு ஒன்றாக நட்டு, காலையில் மட்டும் தண்ணீர் தெளித்தால் பங்குனிக்குள் மூடிவிடும். அதே திட்டு இரண்டாவது ஆண்டும் அதே இடத்தில் வந்தால், அங்கே புல்லை விட்டுவிட்டுக் கல்வாழைக் கிழங்கைப் புதைத்துவிடலாம்.